துண்டு துண்டாய்ச் சேர்த்த கணிப்பொறி

இன்று மதுரை இலந்தைக்குளத்தில் பெரிய வளாகம் அமைத்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உத்தியோகம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஹெச்.சி.எல். ஸ்தாபனம், ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் என்ற முழுப் பெயரோடு டில்லியில் இளம் கம்பெனியாக இருந்த காலத்தில், 1980-ஆம் ஆண்டில், பிட்-ஸ்லைஸ் முறையில் அமைந்த 16 பிட் கணிப்பொறி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஸ்தாபனத்தின் கர்த்தாக்களில் முதல்வரான சிவ் நாடார், திருச்செந்தூருக்கு அருகே மூலைப்பொழியில் 1945-இல் பிறந்து, மதுரை இளங்கோ மாநகராட்சிப் பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்து, பிறகு கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் கற்றவர் என்பதை நம் ஊரில் பலரும் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய செல்வத்தைப் பற்றியும் தர்ம காரியங்களைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு, அந்த 1980-ஆம் வருஷத்து யந்திரம் எந்த முறையில் அமைந்தது, அந்த முறைக்கு என்ன மகிமை இருந்தது என்பதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. பல மாதங்களாக என் மேஜைமேல் கிடக்கும் வேலையும் அதே கலையைச் சேர்ந்ததாகையால், அதைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுத உத்தேசிக்கிறேன்.

முதலில் சந்தர்ப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தேசத்தில் கணிப்பொறி செய்யும் முயற்சி ஹெச்.சி.எல். காலத்தில் ஆரம்பித்தது அல்ல. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், ஆர். நரசிம்மனும் அவருடைய சகாக்களும் அமைத்த டிஃப்ராக் யந்திரம் 1960-இல் இயங்கத் தொடங்கியிருந்தது. 1967-இல் ஹைதராபாத்தில் ஸ்தாபிக்கப்பட்ட இ.சி.ஐ.எல்., டி.டி.சி. 12 என்ற யந்திரத்தை 1969-இல் செய்து முடித்திருந்தது. 1973-ஆம் வருஷத்து அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவில் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்று விதித்தபோது, அதற்கு இணங்க மறுத்த ஐபிஎம் 1978-இல் நம் நாட்டைவிட்டு வெளியேறியது. டி.சி.எம். ஸ்தாபனத்தின் கால்குலேட்டர் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த சில இளைஞர்கள், சிவ் நாடாரும் அர்ஜுன் மல்ஹோத்ராவும் அஜய் சௌத்ரியும் மற்றவர்களுமாக, உத்தரப் பிரதேச அரசின் ஸ்தாபனமான அப்ட்ரானோடு கூட்டுச் சேர்ந்து 1976-இல் ஹெச்.சி.எல்.லை ஆரம்பித்த காலச் சூழ்நிலை இதுதான். பெரிய யந்திரத்தை முழுசாக இறக்குமதி செய்வதென்றால் லைசென்ஸும் செலாவணியும் வேண்டும். சில்லுகளை மட்டும் தருவித்து யந்திரத்தை நாமே கட்டுவதென்றால், வேண்டியது முக்கியமாகப் புத்தி. அப்படிக் கட்டத் துணிந்தவனுக்குப் பிட்-ஸ்லைஸ் சில்லுகளைப்போல இடங்கொடுக்கும் பொருள் அந்தக் காலத்தில் வேறொன்று இல்லை.

பதினாறு பிட் யந்திரம் ஒன்றை ஏன் துண்டு துண்டாகச் செய்ய வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். 1970-களில் சில்லுக்குள் டிரான்ஸிஸ்டர் அமைக்க இரண்டு மார்க்கங்கள் இருந்தன. மாஸ் என்ற மார்க்கத்தில் ஒரே சில்லுக்குள் நிறைய அடக்கலாம், ஆனால் வேகம் குறைவு. பைபோலார் என்ற மார்க்கத்தில் வேகம் அதிகம், ஆனால் ஒவ்வொரு டிரான்ஸிஸ்டரும் அதிக இடத்தை எடுத்துக்கொண்டு அதிக உஷ்ணத்தையும் கக்கும். 1974-இல் வந்த இன்டெல் 8080 மாஸ் மார்க்கத்தில் செய்யப்பட்ட முழுமையான பிராசஸர். இரண்டு மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அதன் மிகச் சிறிய கட்டளைக்கே இரண்டு மைக்ரோ விநாடி பிடிக்கும். விஞ்ஞானக் கணக்குக்கும், பெரிய ஆபீஸ் யந்திரங்களுக்கும், ரேடார் போன்ற யுத்த சாதனங்களுக்கும் அந்த வேகம் போதாது. பைபோலாரிலோ முழு பிராசஸரை ஒரே சில்லுக்குள் அடக்க அப்போது வழியில்லை. நாற்பது கால்களுக்கு மேல் கொடுப்பதும் சுலபமல்ல. ஆகையால், பிராசஸரை அகலவாக்கில் அறுத்து, ஒவ்வொரு சில்லிலும் சில பிட்டுகளை மட்டும் வைத்து, வேண்டிய அகலத்துக்கு வேண்டிய சில்லுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் உபாயத்தைக் கண்டார்கள். இன்டெல் 1974-இல் இரண்டு பிட் துண்டாக 3002-ஐக் கொண்டுவந்தது; மறு வருஷம் ஏ.எம்.டி. கம்பெனி நான்கு பிட் துண்டாக 2901-ஐக் கொண்டுவந்தது. ஜயித்தது 2901. ஸோவியத் ரஷ்யாவிலும் அதன் பிரதியைச் செய்து கே1804 என்ற வரிசையில் வெளியிட்டார்கள் என்பதிலிருந்தே அதன் செல்வாக்கை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த 2901-ஐ நான் கையில் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதன் அமைப்பிலுள்ள சிக்கனம் என்னை வசீகரிக்கிறது. நாற்பது கால், உள்ளே பதினாறு ரிஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் நான்கு பிட் அகலம், அவற்றில் எந்த இரண்டையும் ஏ, பி என்ற இரண்டு விலாசங்களால் ஏககாலத்தில் வெளியே எடுக்கலாம். அவற்றோடு க்யூ என்ற தனி ரிஜிஸ்டர் ஒன்று. எட்டு விதமான காரியங்களைச் செய்யும் கணக்குப் பகுதி ஒன்று. விடையை ஒரு ஸ்தானம் இடமோ வலமோ தள்ளிவைக்கும் வசதி. இவை எல்லாவற்றையும் ஆள்வது ஒன்பது பிட் கட்டளை. முதல் மூன்று பிட் விடை எங்கே போக வேண்டும் என்பதையும், நடு மூன்று என்ன காரியம் செய்ய வேண்டும் என்பதையும், கடைசி மூன்று எண்களை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லும். மூன்று மூன்று பிட்டாக இருப்பதால் கட்டளையை எட்டின் அடிமானத்தில் மூன்று இலக்கமாக எழுதிவிடலாம். 301 என்றால், ஏ-யையும் பி-யையும் எடு, கூட்டு, விடையை பி-யில் வை. 311 என்று நடு இலக்கத்தை மட்டும் மாற்றிக் கேரி வரும் காலில் 1 கொடுத்தால், பி-யிலிருந்து ஏ-யைக் கழிக்கும். 343 என்றால் பி ரிஜிஸ்டர் சூன்யமாகிவிடும். இந்த வேலையில் சில நாள் மூழ்கிக் கிடந்தவனுக்கு இந்த இலக்கங்கள் மனப்பாடமாகி, காகிதத்தில் எழுதாமலே யோசிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது.

பதினாறு பிட்டுக்கு நான்கு துண்டுகள். நான்குக்கும் ஒரே ஒன்பது கம்பிகள், ஒரே விலாசக் கம்பிகள், ஒரே கடிகாரம். சித்திரைத் தேர் மாசி வீதியில் வரும்போது, வடம் பிடிக்கும் ஜனங்கள் அத்தனை பேரும் தேர்முன் நின்று துணி வீசுகிறவரின் ஒரே சைகைக்கு ஒருமிக்க இழுப்பதுபோல, ஒவ்வொரு துண்டும் மற்றத் துண்டு என்ன செய்கிறது என்று பாராமல் தன் நான்கு பிட்டுக்குரிய காரியத்தை அந்தச் சைகையின்படி செய்துவிடுகிறது. கூட்டும்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: வலப்பக்கத்துத் துண்டிலிருந்து இடப்பக்கத்துத் துண்டுக்கு ஏறுகிற கேரி. ஒன்றன்பின் ஒன்றாக அது ஏறி வரட்டும் என்று விட்டால், கடைசித் துண்டு மற்ற மூன்றுக்கும் காத்திருக்க வேண்டிவரும். அதற்காகத்தான் 2902 என்ற சிறு சில்லைத் தனியாகச் செய்தார்கள். ஒவ்வொரு துண்டும், ‘என்னிடத்திலேயே கேரி பிறக்கிறது’ என்றோ, ‘என்னிடம் வந்த கேரியை அப்படியே கடத்துவேன்’ என்றோ இரண்டு கால்களால் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது; 2902 அந்த அறிவிப்புகளை வைத்து எல்லாத் துண்டுகளுக்கும் வேண்டிய கேரியை ஒரே வீச்சில் கணித்துக் கொடுத்துவிடுகிறது. முப்பத்திரண்டு பிட் வேண்டுமானால் எட்டுத் துண்டு; 1982-இல் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கம்பெனி வெளியிட்ட வாக்ஸ் 11/730 யந்திரத்தின் கணக்குப் பகுதி 2901-களால் ஆனதுதான்.

இதுவரை சொன்னது கை கால்களைப் பற்றி. இனி ஆணை பிறக்கும் இடத்துக்கு வருவோம்; என் மனம் தங்குவது இங்கேதான்.

கேம்பிரிட்ஜில் எட்ஸாக் யந்திரத்தை அமைத்த மாரிஸ் வில்க்ஸ், 1951-இல் மான்செஸ்டரில் நடந்த ஒரு மாநாட்டில், கணிப்பொறியின் கட்டுப்பாட்டுப் பகுதியைக் கண்டபடி பின்னிய கம்பிச் சிக்கலாக அமைக்காமல், அதையும் ஒரு நிரலாகவே, ஞாபகத்தில் வரிசையாக எழுதி வைத்த நுண்கட்டளைகளாக, அமைத்துவிடலாம் என்ற யோசனையை வெளியிட்டார். 1958-இல் இயங்கத் தொடங்கிய எட்ஸாக் 2 அந்த முறையில் கட்டப்பட்டது. 1964-இல் ஐபிஎம் அறிவித்த 360 வரிசையில் பெரும்பாலான யந்திரங்கள் அதே முறையைக் கைக்கொண்டன. புரோகிராம் எழுதுகிறவன் ‘கூட்டு’ என்று ஒரு கட்டளை எழுதுகிறான்; யந்திரத்துக்குள்ளே அந்த ஒரு கட்டளைக்காக நாலைந்து நுண்கட்டளைகள் கிரமமாக எழுந்து, ஞாபகத்திலிருந்து எண்ணைக் கொண்டுவா, ரிஜிஸ்டரில் வை, கூட்டு, அடுத்த கட்டளையை எடு என்று காரியத்தை நிறைவேற்றுகின்றன. பெரிய கம்பெனிகளின் மதிலுக்குள் இருந்த இந்த வித்தை, 2901-உம் அதன் துணைச் சில்லுகளும் கடையில் விலைக்குக் கிடைத்த நாளிலிருந்து, மேஜையும் சால்டரிங் அயர்னும் பொறுமையும் உள்ள எவனுக்கும் ஸ்வாதீனமாயிற்று.

துணைச் சில்லுகளில் தலைமையானது 2910. அடுத்த நுண்கட்டளை எந்த விலாசத்தில் இருக்கிறது என்பதை நிர்ணயிப்பது அதன் வேலை. பன்னிரண்டு பிட் விலாசம், ஆகவே 4096 நுண்கட்டளைகள் வரை ஆளலாம். பதினாறு விதமாக அடுத்த அடியை எடுத்துவைக்கும்: நேரே போ, நிபந்தனை இருந்தால் தாவு, சென்று திரும்பி வா, எண்ணிக்கை தீரும்வரை இதையே செய், இப்படி. இவற்றுள் ஒன்று வரைபட ஞாபகத்தைக் கேட்பது. புரோகிராம் எழுதுகிறவன் கொடுத்த கட்டளை எண்ணை அந்தச் சிறிய ஞாபகத்தின் விலாசக் கால்களில் கொடுத்தால், அந்தக் கட்டளைக்குரிய நுண்கட்டளைகள் எந்த இடத்தில் ஆரம்பிக்கின்றன என்ற விலாசம் வெளியே வரும். 2910 நேரே அங்கே போய்விடும்.

ஒரு பெருக்கலை அருகே வைத்துப் பார்ப்போம். பெருக்கப்படும் எண்ணை ஏ விலாசத்து ரிஜிஸ்டரிலும், பெருக்கும் எண்ணை க்யூவிலும் வைத்து, பி ரிஜிஸ்டரைச் சூன்யமாக்கிக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் கற்ற பெருக்கல் முறையேதான்: க்யூவின் கடைசி பிட் 1 ஆனால் ஏ-யை பி-யோடு கூட்டி, கூட்டிய விடையையும் க்யூவையும் ஒன்றோடொன்று தொடுத்து ஒரு ஸ்தானம் வலப்பக்கம் தள்ள வேண்டும், 0 ஆனால் கூட்டாமல் தள்ள வேண்டும். பதினாறு பிட்டுக்குப் பதினாறு முறை. கூட்டித் தள்ளுவதற்குரிய கட்டளை 401. கூட்டாமல் தள்ளுவதற்குரியது 403. இப்போது கடைசி இலக்கங்களை இரண்டின் அடிமானத்தில் எழுதிப் பாருங்கள்: 001, 011. வித்தியாசம் நடுவிலுள்ள ஒரே பிட். ஆகவே, பெருக்கல் நடக்கும் நேரத்தில் அந்த ஒரு கட்டளைக் காலுக்கு மட்டும், நுண்கட்டளையிலிருந்து வரும் கம்பியை விலக்கிவிட்டு, க்யூவின் கடைசி பிட்டைத் தலைகீழாக்கிக் கொடுத்துவிட்டால், ‘இது 1 ஆனால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய்’ என்று சோதித்துத் தாவும் வேலையே மறைந்துபோகிறது. எண்ணே தன் கட்டளையைத் திருத்திக்கொண்டு போகிறது. கூட்டலில் பிறந்த கேரி பி-யின் தலை ஸ்தானத்துக்குள் நுழையவும், பி-யின் கடைசி பிட் க்யூவின் தலைக்குள் நுழையவும் கம்பி கொடுத்துவிட்டு, 2910-இன் எண்ணியில் 15 என்று வைத்து, ‘எண்ணிக்கை தீரும்வரை இதையே செய்’ என்றால், ஒரே ஒரு நுண்கட்டளை, தன்னையே பதினாறு முறை நடத்திக்கொண்டு, விடையின் மேற்பாதியை பி-யிலும் கீழ்ப்பாதியை க்யூவிலும் வைத்துவிட்டு நிற்கும். ஒரு சுழற்சிக்கு 200 நானோ விநாடி என்று வைத்துக்கொண்டாலும் 3.2 மைக்ரோ விநாடிதான் ஆகும். பெருக்கல் கட்டளையே இல்லாத 8080-இல் இதே கணக்கைப் புரோகிராமாக எழுதி நடத்தினால் சில நூறு மைக்ரோ விநாடி பிடிக்கும்.

2901-ஐ அமைத்தவர்கள் கட்டளை எண்களைத் தற்செயலாக வரிசைப்படுத்தவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். கூட்டவும் கூட்டாதிருக்கவும் ஒரே பிட் வித்தியாசம் இருக்கும்படி இலக்கங்களை அடுக்கியவர், பெருக்கல் செய்யப்போகும் முகம் தெரியாத ஒரு எஞ்சினியரை மனத்தில் நினைத்துக்கொண்டு அடுக்கியிருக்க வேண்டும்.

பசுமலையில் என் வீட்டு மாடி அறையில் நான் கட்டுகிற யந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு 2901, ஒரு 2902, ஒரு 2910, நாற்பத்தெட்டு பிட் அகலமுள்ள நுண்கட்டளை. அதற்கு எட்டு எட்டு பிட்டாக ஆறு ஞாபகச் சில்லுகள். அவற்றிலிருந்து வரும் கட்டளையை ஒரு சுழற்சிக் காலம் பிடித்துவைக்க ஆறு 74எல்எஸ்374. இந்தக் கடைசி ஆறும் இருப்பதால்தான், இப்போதைய கட்டளை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கட்டளையை எடுத்துத் தயாராக வைக்க முடிகிறது. 2901-கள் வெளிநாட்டுப் பழைய சரக்கிலிருந்து தபாலில் வந்தவை, 74 வரிசைச் சில்லுகளையும் மற்றச் சில்லறைச் சாமான்களையும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன், ஐ.சி. பேஸ், கம்பி, சுவிட்ச் முதலியவை நம் டவுன் ஹால் ரோட்டுப் பக்கத்திலேயே கிடைத்தன. ஆதிகாலத்தில் நுண்கட்டளைகளைப் பைபோலார் ப்ராம் சில்லுகளில் எழுதினார்கள். உள்ளேயிருக்கும் மெல்லிய உலோக இழையை எரித்துத்தான் அதில் ஒரு பிட்டை எழுத முடியும். எரித்த இழை மறுபடி ஒட்டாது. ஒரு பிட் மாற வேண்டுமானால் பெரும்பாலும் புதிய சில்லுதான். நான் மின்சாரத்தால் அழித்து எழுதக்கூடிய இக்காலத்து ஞாபகச் சில்லுகளைப் பிரயோகிக்கிறேன். அவை அந்தப் பழைய ப்ராம்களைவிட மெதுவானவை என்றாலும், கற்றுக்கொள்ளும் யந்திரத்துக்கு வேகம் பிரதானம் அல்ல.

உஷ்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு 2901-உம் ஏறத்தாழ ஒரு வாட் மின்சாரத்தை உஷ்ணமாக்கி விடுகிறது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் மாடி அறையின் உஷ்ணம் நாற்பது டிகிரியை நெருங்கும்போது, நான்கு சில்லுகளின்மேலும் விரலை வைத்தால் சில கணங்களுக்குமேல் வைத்திருக்க முடியாது. சாதாரண வியாபாரத் தரச் சில்லுகள் சுற்றுப்புற உஷ்ணம் எழுபது டிகிரி வரை தாங்கும் என்று உத்தரவாதம் உண்டு. ஆனாலும் ஒரு சின்ன மேஜை ஃபேன் அவற்றுக்கு நேரே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சில்லின் பக்கத்திலும் மின்வழங்குக் கால்களுக்கு நடுவே ஒரு சிறு கெப்பாசிட்டரைப் போடுவதும், பூமிக் கம்பியைத் தடிமனாகக் கொடுப்பதும் பைபோலார் வேலையில் பாதி வெற்றி என்று சொன்னால் மிகையல்ல. பிரெட்போர்டில் இதைச் செய்யத் துணிய வேண்டாம். ஒயர் ராப் முறையில் கம்பியைச் சதுரக் காலில் இறுக்கிச் சுற்றுவதே உத்தமம். அதற்கு நிதானம் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்குப் போகிறது என்று எழுதிய நோட்டுப் புத்தகம் வேண்டும்.

கடிகாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு பொத்தானை ஒருமுறை அமுக்கினால் ஒரு சுழற்சி மட்டும் நடக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். க்யூ ரிஜிஸ்டரை வெளியே காட்ட இரண்டாவது நுண்கட்டளை ஒன்று; அதன் பதினாறு பிட்டுக்கும் பதினாறு சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். மேலூர்ப் பக்கத்திலிருந்து பொறியியல் படிக்கவரும் மாணவி ஒருத்தி, அவள் தகப்பனார் எனக்குப் பரிச்சயம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவி செய்கிறாள். பதினொன்றைப் பதின்மூன்றால் பெருக்கச் சொல்லிவிட்டு, பொத்தானை ஒவ்வொன்றாக அமுக்கி, விளக்குகள் ஒவ்வோர் அடியாக வலப்பக்கம் நகர்வதைப் பார்த்துக்கொண்டே வந்தோம். பதினாறாவது அடியில் வலக்கோடியில் நான்கு விளக்குகள் எரிந்தும், அடுத்த மூன்று அணைந்தும், அதற்கடுத்த ஒன்று எரிந்தும் நின்றன: 10001111, அதாவது 143. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சார், பெருக்கல் கட்டளைக்கு 26-னு நம்பர் போட்டிருக்கீங்களே, அத யாரு சார் முடிவு பண்ணினது?” என்று கேட்டாள்.

“நாமதாம்மா. வரைபட ஞாபகத்துல 26-ஆவது இடத்துல பெருக்கலோட ஆரம்ப விலாசத்த எழுதினோம்ல, அதான்.”

“அப்ப 27-க்கு நான் ஒண்ணு எழுதட்டுமா?”

ஒரு எண்ணில் எத்தனை 1 இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும் கட்டளை ஒன்றை அவள் அன்றே காகிதத்தில் எழுதத் தொடங்கினாள். அதை வலப்பக்கம் தள்ளித் தள்ளி, விழுகிற பிட்டைக் கேரியாகக் கொடுத்து, இன்னொரு ரிஜிஸ்டரோடு கூட்டிக்கொண்டே போவது அவளுடைய யோசனை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கட்டளை அல்ல அது. ஆனால் இந்த யந்திரத்தில் இல்லாதிருந்து, அவள் எழுதியதால் உண்டான கட்டளை. நம் கல்லூரிகளில் கணிப்பொறி அமைப்பு என்ற பாடத்தில் நுண்கட்டளை என்பது ஒரு அத்தியாயம். பரீட்சைக்கு ஒரு படமும் அரைப்பக்க விளக்கமும் போதும். யந்திரத்தின் கட்டளைத் தொகுதி வானத்திலிருந்து இறங்கிய நியதி என்ற எண்ணத்தோடேயே மாணவன் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறான். அதைச் சில மனிதர்கள், சில காரணங்களுக்காக, ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானித்தார்கள் என்பதும், தானும் அப்படித் தீர்மானிக்கலாம் என்பதும் அவன் மனத்தில் பதிவதேயில்லை. நான் இவ்வளவு எழுதுவதற்கு முக்கிய காரணம் இதுதான்.

அப்படித் தீர்மானித்தவர்களில் நான் மிகவும் மதிப்பவர் நிக்லாஸ் விர்த். பாஸ்கல் மொழியைச் செய்த அந்த ஸ்விட்ஜர்லாந்துப் பேராசிரியர், 1976-77-இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் தங்கியிருந்து, அங்கே ஆல்டோ என்ற யந்திரத்தைக் கண்டு, ஜூரிச்சுக்குத் திரும்பியதும் தம் சகாக்களுடன் 2901 துண்டுகளைக் கொண்டு லிலித் என்ற 16 பிட் யந்திரத்தை அமைத்தார். 1980-இல் அது இயங்கியது. கடையில் கிடைத்த பிராசஸரின் கட்டளைகளுக்குத் தக்கபடி மொழியைக் குறுக்காமல், மாடுலா-2 என்ற தம் புதிய மொழிக்கு ஏற்ற கட்டளைத் தொகுதியை முதலில் நிர்ணயித்து, அந்தக் கட்டளைகளை நிறைவேற்றும் நுண்கட்டளைகளைப் பிறகு எழுதினார்கள். அதே 1980-ஆம் வருஷத்தில், அடாரி கம்பெனி பேட்டில்ஸோன் என்ற விளையாட்டு யந்திரத்தில் முப்பரிமாணக் கோட்டுச் சித்திரங்களைக் கணிப்பதற்காக நான்கு 2901-களைத் தனியாக வைத்தது. ஜூரிச்சில் பேராசிரியரும், கலிபோர்னியாவில் விளையாட்டுக் கம்பெனியும் ஒரே துண்டை எடுத்து வேறு வேறு யந்திரம் கட்டிய அந்த வருஷத்தில்தான், டில்லியில் நம்மவர்களும் பிட்-ஸ்லைஸ் முறையில் தங்கள் 16 பிட் யந்திரத்தை வெளியிட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையான சந்தோஷம் உண்டாகிறது. முப்பது வருஷம் பின்தங்கியவர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்ளும் வழக்கம் இந்த ஒரு விஷயத்திலாவது பொருந்தாது.

இந்தக் கலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1978-இல் இன்டெல் 8086-உம் 1979-இல் மோட்டரோலா 68000-உம் வந்தன. 16 பிட் பிராசஸர் ஒரே மாஸ் சில்லுக்குள் அடங்கிவிட்டது. 1980-களின் நடுவில் வேகத்திலும் மாஸ் முந்திவிட்டது. துண்டுகளை வாங்கிச் சேர்க்க வேண்டிய அவசியம் மறைந்தது. ஆனால் நுண்கட்டளை மறையவில்லை. 8086, 68000 இரண்டும் உள்ளே நுண்கட்டளைகளால் இயங்குபவையே. 1995-இல் வந்த பென்டியம் புரோ முதலாக, விற்ற பிறகும் நுண்கட்டளைகளைத் திருத்தும் வசதியை இன்டெல் வைத்திருக்கிறது; 2018-இல் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, உலகெங்கும் கோடிக்கணக்கான யந்திரங்களுக்குப் போன பரிகாரத்தில் ஒரு பங்கு இந்தத் திருத்தமே. மதுரைப் பக்கம் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் உள்ள ஆபீஸ்களில் மேஜைமேல் இருக்கிற எத்தனையோ கணிப்பொறிகளுக்குள் வில்க்ஸின் 1951-ஆம் வருஷத்து யோசனை இந்த நிமிஷமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

எஃப்.பி.ஜி.ஏ. சில்லு ஒன்றை வாங்கி, அதற்குள் இவை எல்லாவற்றையும் எழுத்தாகவே எழுதி முடித்துவிடலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். முடித்துவிடலாம், அதுவும் நல்ல கல்விதான், செலவும் குறைவு. இருந்தாலும் முதல் யந்திரத்தையாவது துண்டுகளாகக் கட்டுவதே மேல் என்பது என் தீர்மானம். கேரி எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்குப் போகிறதென்று ஆஸிலாஸ்கோப் முனையை வைத்துப் பார்த்தவனுக்கு, அதே கேரி சில்லுக்குள் மறைந்துபோன பிறகும் எங்கே இருக்கிறதென்று தெரியும்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு மூன்று புத்தகங்களைச் சொல்வேன். ஜான் மிக், ஜிம் பிரிக் இருவரும் எழுதி 1980-இல் வந்த பிட்-ஸ்லைஸ் வடிவமைப்புப் புத்தகம் இந்தத் துறைக்குப் பிரமாண நூல், ஏ.எம்.டி. கம்பெனி எஞ்சினியர்களுக்கு அனுப்பிய பாடங்களிலிருந்து வளர்ந்தது. டோனாமே ஒயிட் எழுதிய புத்தகம் அதைவிட எளியது, தனியாகப் படிப்பவருக்கு ஏற்றது. நம்மவர்களில் வி. ராஜாராமனும் டி. ராதாகிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய டிஜிட்டல் கணிப்பொறி வடிவமைப்புப் புத்தகம் பழைய கல்லூரி நூல்நிலையங்களில் இன்னும் இருக்கும். அதை முதலில் படித்துவிட்டு மற்ற இரண்டுக்கும் போவது உசிதம்.

மதுரையிலும், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, விருதுநகர் சுற்றிலும் உள்ள பொறியியல் கல்லூரிகளில், பாலிடெக்னிக்குகளில், ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஸ்டோர் ரூமில் 1980-களில் வாங்கிய சாமான்களைக் கழித்துக் கட்டும்போது, 2901, 2902, 2909, 2910, 2911 என்ற எண் பொறித்த சில்லுகளோ, அவை பொருத்திய போர்டுகளோ, அவற்றுக்குரிய டேட்டா புத்தகங்களோ அகப்பட்டால், தயவுசெய்து பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஐந்து வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அநேகமாக இன்னும் வேலை செய்யும். இரண்டாம் வருஷ மாணவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, நாலு துண்டையும் ஒரு டேட்டா புத்தகத்தையும் அவர்கள் கையில் கொடுத்து, வருஷ முடிவுக்குள் பதினாறு பிட்டில் ஒரு கூட்டல் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் சந்தேகம் வந்து தடுமாறினால் பசுமலைக்கு அனுப்பிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.